நைஜீரியா அன்ரி வைத்த களி

அவரிடம் சாப்பிடப் போனால் "இது என்ன?" என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். "சாப்பிட்டு முடிச்சால் சொல்லுவன். முடிக்காட்டில் உமக்கு அது தேவையில்லாத கதை" என்பார். குரலில் கோபம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் திருப்பி வாங்குகிற ரீச்சரின் முகம் அப்போது வந்துவிடும்.

கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்களுக்கு மேல் மாடியில் மகனின் குடும்பத்தோடு சேராமல் அவர் தனியாக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கட்டடத்தில் பாதி எங்கள் சனம் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் தேவைப்பட்டது. இவர் நைஜீரியா அன்ரி. யாழ்ப்பாணத்திலிருந்து நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போய், அந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நீண்ட காலம் கணிதம் படிப்பித்துவிட்டு, ஊருக்குத் திரும்பாமல் நேரே கனடாவுக்கு வந்தவர். கட்டைத் தலைமயிர், வெள்ளெழுத்துக் கண்ணாடி, எந்தக் குளிருக்கும் காலில் சப்பாத்து இல்லாமல் செருப்பு.

முதன்முதலில் அவரைச் சந்தித்தது நிலக்கீழ்த் தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில். மெஷின் சுற்றி முடியும்வரை சுவரோரம் கிடந்த வாங்கில் இருவரும் இருந்தோம். மடியில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். வடை. சூடு ஆறவில்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. வெங்காயமும் மிளகாயும் தெரிந்தன. உழுந்துமில்லை, கடலைப் பருப்புமில்லை. என்ன பருப்பென்று கேட்டுவிட்டேன். உடனே பொட்டலம் மூடப்பட்டது. கெஞ்சி வாங்கித் தின்று முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"கௌப்பிப் பயறு. ஊறப்போட்டுத் தோல் உரிச்சு, அரைச்சு, காத்துப்பிடிக்க அடிச்சுப் பொரிக்கிறது. அங்க விடிய ரோட்டுக்கரையில வாங்கிப் பாணுக்குள்ள வைச்சுச் சாப்பிட்டிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவம். பேர் அக்காரா."

"அக்கரையோ?" என்றேன்.

"ஓம், அக்கரைதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய சிரிப்பில் சத்தம் இருக்காது. தோள் இரண்டும் குலுங்கும், கண்ணாடி மூக்கில் இறங்கும்.

அவர் பொய் சொன்னார் என்று ஒருவராலும் குற்றம் சாட்ட முடியாது. பெயர் வைப்பது எப்போதும் சாப்பிடுகிறவர்தான். "இது எங்கட கஞ்சியெல்லே?" என்று யாராவது சொன்னால், "உங்களுக்குத் தெரியாததே!" என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வசனத்தோடு முழு நைஜீரியாவையும் எங்கள் கட்டடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஒரு முறை கட்டடத்துச் சனம் எல்லாம் சேர்ந்து கீழ் மண்டபத்தில் பொங்கல் கொண்டாடினோம். அன்ரி ஒரு பெரிய சட்டி நிறையச் சிவப்புச் சோறு கொண்டுவந்து வைத்தார். தக்காளிச்சோறு என்று ஒரு பகுதியும், புலாவு என்று இன்னொரு பகுதியும் வாக்குவாதப்பட்டன. இரண்டு பக்கத்துக்கும் அன்ரி தலையாட்டினார். சட்டி துடைத்தெடுத்த மாதிரி ஆனபிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, "ஜொலோஃப் எல்லாருக்கும் பிடிச்சுதோ?" என்று கேட்டார். ஒருவருக்கும் விளங்கவில்லை. கை மட்டும் தட்டினோம். ஜொலோஃப் என்ற பிள்ளை எந்தப் பாட்டுக்கு ஆடினது என்று பின்வரிசையில் ஒரு அம்மா விசாரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் சொல்லாமல் விட்டது ஒரேயொரு முறைதான். என் கணவருக்கு ஒருநாள் உறைப்புக் குழம்பு ஒன்று வைத்தார். உள்ளே கிடந்த துண்டுகளை இவர் மென்றுகொண்டே இருந்தார். நல்ல ருசி, ஆனால் றப்பர் மாதிரி இழுபட்டதாம். முடித்துவிட்டு என்ன இறைச்சி என்று கேட்டதற்கு, "உதை மட்டும் கேளாதையும் தம்பி" என்று எழும்பிப் போய்விட்டார். அந்த ஊரில் உள்ளங்கை அளவு நத்தை சமைப்பார்கள் என்று பிறகு எங்கேயோ கேள்விப்பட்டேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் மாமா வந்துசேர்ந்தார். என் கணவரின் தகப்பன். யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குள் தனியாகக் கிடந்தவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டோம். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்கவில்லை. வந்த மறுநாளே எங்கள் குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குளிர்ப்பெட்டியின் மேல்தட்டைத் திறந்தார். உள்ளே நான் ஞாயிறு சமைத்து உறைய வைத்த கறிகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. நான் பிஸ்கட் ஃபக்டரியில் வேலை. ஷிஃப்ற் முடிந்து வந்து சூடாக்கிப் போட்டால்தான் அன்றைய சாப்பாடு.

"ஐஸுக்குள்ள கிடந்த கறியைச் செத்தவனும் தின்னமாட்டான்" என்றார்.

அன்றன்றைக்குப் புதிதாகச் சமைத்தும் பார்த்தேன். இங்கத்தைய அரிசியில் மணமில்லை, மீனில் ருசியில்லை, பாண் பஞ்சு. தேத்தண்ணியும் கிறாக்கரும்தான் சாப்பாடு என்றாகிவிட்டது. ஆள் மெலிந்துகொண்டே போனார். கழுத்து எலும்பு தெரியத் தொடங்கியது. திரும்பிப் போகப்போகிறேன் என்று மகனோடு ஒவ்வொரு நாளும் சண்டை. போவதற்கு ஊரில் வீடே இல்லை. இதற்குள் லண்டனிலிருக்கிற மகளுக்குத் தொலைபேசி எடுத்து, மருமகள் சோறு போடுகிறாளில்லை என்று சொல்லிவிட்டார். மச்சாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அவர் அங்கே நாலு வீட்டுக்குச் சொல்ல, அந்த நாலு வீடும் ஜேர்மனிக்குச் சொல்ல, கனடாவில் நான் ஒரு வயோதிபரைப் பட்டினி போட்டுக் கொல்கிறேன் என்ற கதை கடல் கடந்து எனக்கே வந்து சேர்ந்தது.

மாமாவுக்கு இன்னொரு முறைப்பாடும் இருந்தது. பக்கத்து வீட்டில் கானா நாட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அமா. அம்மா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, நான் கூப்பிட மாட்டேன் என்று முதல்நாளே சொல்லிவிட்டார். அவள் சமைக்கத் தொடங்கினால் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறப்பார்.

"உந்தச் சனம் என்னத்தைத்தான் அவிக்குதுகளோ! மனிசர் தின்னுற சாமானே உது?"

அவர் அப்படிச் சொன்ன ஒருநாள் அன்ரி எங்கள் வீட்டில் இருந்தார். "அண்ணை, நேற்று உங்கட மருமகள் பொரிச்ச கருவாடு அவைக்கு மல்லிகைப்பூ மாதிரி மணந்திருக்குமே?" என்று கேட்டார். மாமா அறைக்குள் போனார். அன்ரி என் பக்கம் திரும்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, ஐயாவை என்னட்ட விடும்."

மறுநாள் மத்தியானம் ஒரு மூடிய சட்டியோடு இறங்கி வந்தார். உள்ளே கபில நிறத்தில், உருண்டையாக, மினுமினுப்பாகக் களி. பக்கத்தில் வெண்டிக்காயும் மீனும் போட்ட உறைப்புக் குழம்பு. மாமா எட்டிப் பார்த்தார். கண் விரிந்தது.

"குரக்கன் களியெல்லே!"

"உங்களுக்குத் தெரியாததே!" என்றார் அன்ரி.

மாமா ஒரு உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். பிறகு இன்னொன்று. வழித்துச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சூப்பினார். "கடையில விக்கிற மாவில்லை இது. ஆரோ ஊரில இடிச்சு அனுப்பியிருக்கினம். எனக்குத் தெரியும்" என்றார். அது குரக்கன் என்ற கேழ்வரகு இல்லை, காயவைத்து இடித்த கிழங்கு மாவில் கிண்டிய அமலா என்பதைக் குசினிக்குள் வைத்து அன்ரி எனக்குச் சொன்னார். தோள் குலுங்கிய குலுங்கலில் சட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் இதுதான் நடந்தது. புளிக்கவைத்த சோளமாவில் காய்ச்சிய ஓகியைப் பழஞ்சோற்றுத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி என்று மாமா கண்டுபிடித்தார். உரலில் இடித்த யாம் கிழங்கை, "இது வெள்ளை இராசவள்ளி, தீவுப்பக்கத்தில மட்டும் கிடக்கிறது" என்றார். மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்த காரி மாவைச் சுடுதண்ணீரில் கிண்டி அன்ரி ஈபா செய்து வந்தபோது ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஒடியல் மா கலந்திருக்கு. அந்தக் கசப்பு எனக்குத் தெரியாதே?" பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலின் கசப்பு அதில் கிடையவே கிடையாது, இலேசான புளிப்புத்தான். ஆனால் மாமா சொன்னால் சொன்னதுதான். அந்தக் களிதான் அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்துப்போனது.

கன்னம் திரும்பி வந்தது. பயணக் கதை நின்றது. எனக்குத்தான் மனம் உறுத்தியது. ஒருநாள் அன்ரியின் வீட்டில் காரி கிண்டப் பழகிக்கொண்டு நிற்கும்போது, "பாவமில்லையே அன்ரி, வயது போன மனிசனை ஏமாத்துறம்?" என்று கேட்டேன்.

"என்னையும் ஏமாத்தினவைதானே" என்றார், அகப்பையை நிறுத்தாமல். "நான் அங்க போன புதிசில பாணும் தேத்தண்ணியும்தான். சீலை இடுப்பில நிக்காமல் போச்சு. பள்ளிக்கூடக் குசினியில ஒரு மனிசி, நல்ல பருத்த மனிசி, ஒருநாள் மஞ்சள் களி கொண்டுவந்து வைச்சு, 'மடம், இது உங்கட நாட்டுச் சாப்பாடு. ரவுணில ஒரு இந்தியக்காரரிட்டக் கேட்டுச் செய்தனான்' எண்டா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. எனக்காகப் போய்க் கேட்டிருக்கிறாவே எண்டு முழுக்கச் சாப்பிட்டன். பிறகெல்லே தெரியும், அண்டைக்கு முழுப் பள்ளிக்கூடமும் அதைத்தான் சாப்பிட்டது!"

சிக்கல் மாமாவின் வாயால் வந்தது. பகலில் அவர் மோலுக்குப் போய் அங்கே குந்தியிருக்கும் எங்கள் ஊர்க் கிழவர்களோடு கதைப்பார். எங்கள் மாடியில் அசல் ஒடியல் களி கிண்டுகிறார்கள் என்று பெருமை அடித்துவிட்டார். நம்பமாட்டோம் என்று அவர்கள் சொல்ல, ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் ஊரில் தபால் அதிபராக இருந்தவர். மற்றவர் சங்கக்கடை மனேஜர்.

அன்ரி எங்கள் குசினியில் பெரிய சட்டியில் காரி கிண்டினார். மூவரும் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து வெட்டினார்கள். ஒடியலின் மகத்துவம் பற்றி மாமா ஒரு பிரசங்கம் செய்தார். மற்ற இருவரும் ஓம் ஓம் என்று விழுங்கினார்கள். முடிந்ததும் மாமா கட்டளையிட்டார்: "பிள்ளை, களி வாய்வு. நல்லா இஞ்சி இடிச்சுப்போட்டுத் தேத்தண்ணி ஊத்து."

எனக்குக் கை நின்றுவிட்டது. மரவள்ளி சாப்பிட்ட வாயால் இஞ்சி தின்றால் நஞ்சு, உயிர் போகும் என்று எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நானும் அந்தப் பயத்தோடு வளர்ந்தவள்தான். அன்ரியைப் பார்த்தேன். "ஊத்தும், ஊத்தும்" என்றார். ஊற்றினேன்.

அவர்கள் குடித்து முடிக்கிற தறுவாயில் கதவைத் தட்டிக்கொண்டு அமா உள்ளே வந்தாள். இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பித்தர வந்தவள், நிலத்தில் கிடந்த சாப்பாட்டுக் கோப்பைகளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஓ! நீங்களும் ஈபா சாப்பிடுவீர்களா? எங்கள் காரி!" என்று ஆங்கிலத்தில் கூவினாள். மாமாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, கையால் கிழங்கின் நீளத்தைக் காட்டி விளக்கமும் சொன்னாள். "கசாவா!"

மாமா கந்தோர் ஆங்கிலம் படித்தவர்.

"மரவள்ளி" என்றார். மூன்று பேரும் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பைகளுக்குள் பார்த்தார்கள். அடியில் இஞ்சிச் சக்கை கிடந்தது.

சங்கக்கடை மனேஜர் அப்படியே கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். தபால் அதிபர் தேவாரம் தொடங்கினார், இரண்டாவது அடி வரவில்லை, திரும்பவும் முதல் அடியைப் பாடினார். மாமா மட்டும் எழும்பிப்போய் நாற்காலியில் நேராக இருந்துகொண்டார்.

"பிள்ளை, இஞ்ச வா."

போனேன்.

"நீ எனக்குச் சோறு போடுறேல்லை எண்டு லண்டனுக்குச் சொன்னனான். அது பொய். நீ வேலையால வந்து கால் கழுவமுன்னம் உலை வைக்கிறது எனக்குத் தெரியும். எனக்குத்தான் இஞ்ச ஒண்டும் பிடிக்கேல்லை. ஆரிலயாவது பிழை சொல்லவேணும்போல இருந்தது, சொல்லிப்போட்டன்."

எனக்கு அழுகை முட்டியது. பின்னால் நகர்ந்து மனேஜரின் காலில் இடறினேன். "மெதுவா பிள்ளை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அப்போதுதான் அன்ரி வாய் திறந்தார். ஒன்றுமில்லை, பயப்படாதேயுங்கோ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து மாமாவின் மடியில் வைத்தார்.

"அண்ணை, உதைப் பிள்ளைக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? கேட்டவவுக்கெல்லோ சொல்லவேணும்."

"நேரம் கிடக்கோ ரீச்சர்?"

அன்ரி சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் கிடக்கு" என்றார்.

மாமா லண்டனைக் கூப்பிட்டார். என் முன்னால், அமாவின் முன்னால், தேவாரம் பின்னணியில் ஒலிக்க, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். இப்படி ஒரு மருமகள் ஆருக்குக் கிடைக்கும் என்றுகூடச் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு நெஞ்சில் கைகட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அன்ரி கேத்திலில் மிச்சமிருந்த இஞ்சித் தேத்தண்ணியைத் தனக்கு ஊற்றி, நின்ற நிலையில் குடித்து முடித்தார்.

"துருவி, புளிக்க வைச்சு, பிழிஞ்சு, வறுத்தாப்பிறகு அதில நஞ்சு எங்கால? நான் அங்க இருந்த காலம் முழுக்க உதைச் சாப்பிட்டு உதைத்தான் குடிச்சனான். எழும்புங்கோ மனேஜர், கம்பளத்தில குளிர் பிடிக்கும்."

மனேஜர் எழும்பி உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். "அப்ப மிச்சக் களி கிடக்கோ?" என்று கேட்டார். விஷயத்தை நான் சொன்னதும் அமா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. "சாப்பாட்டுக்கு நான் கோவிக்கேல்லை ரீச்சர். சாகப்போறவன் எண்டு நம்பவைச்சு என்னைக் கதைக்க வைச்சீங்கள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அவர் அன்ரியோடு பேசவில்லை. எலிவேற்றரில் அவர் நின்றால் இவர் படியால் இறங்கிப் போவார்.

"அன்ரி, அது கொஞ்சம் கூடிப்போச்சு" என்று நானும் சொன்னேன். எனக்காகத்தான் செய்தார் என்று தெரிந்தும் சொன்னேன்.

"ஓம், கூடித்தான் போச்சு" என்றார். அவர் முகம் சின்னதாகிப்போனதை அன்றுதான் பார்த்தேன். பிறகு சட்டியோடு இறங்கி வருவதை நிறுத்திவிட்டார்.

லண்டன் மச்சாள் அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டார். குரலில் பெரும் கவலை. "அப்பாவுக்கு என்ன நடந்தது? உம்மைப் பற்றி நல்லாச் சொல்லுறார். டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?"

மாமா சில நாள் கிறாக்கருக்குத் திரும்பிப் போனார். தாங்கவில்லை. ஒரு மத்தியானம் குசினி வாசலில் வந்து நின்றார். "களி இல்லையோ?"

"எந்தக் களி மாமா?"

கூரையைப் பார்த்தார். "உந்தக்... காரி."

கிண்டிக் கொடுத்தேன். சாப்பிட்டார். ரீச்சரின் கைப்பதம் இதில் இல்லை என்றார். மா முடிந்தபோது, வாங்குகிற இடத்தைக் கேட்க அமாவின் கதவை அவரே தட்டினார். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. இருவருமாக பஸ் ஏறிப் போய், ஒரு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்ரியின் மகன் நகரத்துக்கு வெளியே விட்பியில் புதுவீடு வாங்கி, தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். பயணம் சொல்ல அன்ரி வந்தபோது மாமா அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாத்தியிருந்த கதவை அன்ரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

கோடை வந்தது. ஒரு ஞாயிறு காலை மாமா சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, விட்பி எவ்வளவு தூரம்?"

ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், நிழல் தர ஒரு மரமில்லாத தெருக்கள். சுற்றிச் சுற்றித்தான் கண்டுபிடித்தோம். மகனும் மருமகளும் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அன்ரி கதவைத் திறந்தார். நன்றாக மெலிந்திருந்தார். மாமாவைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே குசினி கடையில் காட்சிக்கு வைத்தது போலப் பளபளத்தது. அடுப்பில் ஒரு கறைகூட இல்லை. தேத்தண்ணி போட்டு, பெட்டி பிஸ்கட்டைப் பெட்டியோடேயே மேசையில் வைத்தார்.

மாமா பிஸ்கட் பெட்டியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். "என்ன ரீச்சர், சமைக்கிறேல்லையோ?"

"ஆருக்கு அண்ணை?" என்றார் அன்ரி. "இஞ்ச எல்லாரும் பெட்டியில எழுதியிருக்கிறதை வாசிச்சுப் பார்த்திட்டுத்தான் வாயில வைப்பினம். ஏமாறுறதுக்கு ஒருத்தருமில்லை."

மாமா பிஸ்கட் பெட்டியை எட்டத் தள்ளி வைத்தார். நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏன், நான் இருக்கிறன்தானே" என்றார்.

அன்ரி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து கீழ் அலுமாரியைத் திறந்து, முன்னால் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, கையை ஆழ உள்ளே விட்டார்.

"எல்லாரும் முன்னுக்குப் போய் இருங்கோ" என்றார் திரும்பிப் பார்க்காமல். "நான் கூப்பிடுமட்டும் ஒருத்தரும் குசினிக்குள்ள வரக்கூடாது."